ஜெயமலருக்கு விழுந்த வாக்குகள்

ஜெயமலர் இறந்து எட்டாம் நாள் படைக்கும் எட்டுச்செலவு முடிந்த அடுத்த திங்கட்கிழமை தேர்தல் வந்தது.

அஜின்கோர்ட் பகுதியின் பாடசாலைச் சபை உறுப்பினர் பதவி விலகியதால் வந்த இடைத்தேர்தல். அங்கே குடியிருந்தவர்களில் பாதிப்பேருக்கு அப்படியொரு தேர்தல் இருப்பதே தெரியாது. மருந்துக்கடையில் வேலை செய்த ஜெயமலர் அதில் நின்றதற்கு ஒரே காரணம், பேச்சுத் தாமதமான பிள்ளைகளின் வகுப்பை மூடப்போகிறார்கள் என்ற கதை. மாலையானால் கதவு கதவாகத் தட்டினாள். கணவன் செல்வரட்ணம் பஸ் ஓட்டிக் களைத்து வந்தாலும் கூடப் போவான். அப்படிப் போன ஒரு மாலை, லிஃப்டுக்குள் தலையைப் பிடித்துக்கொண்டு அவன்மேல் சரிந்தாள். மூளையில் இரத்தக் கசிவு என்றார்கள். பிறகு அவள் கண் திறக்கவேயில்லை.

வாக்குச்சீட்டுகள் அதற்குள் அச்சாகிவிட்டன. தேர்தல் அலுவலகத்திலிருந்து பேசிய பெண் ஆறுதல் சொல்லிவிட்டு விளக்கினாள். பெயர் சீட்டில் இருக்கும். இறந்துவிட்டதாக வாக்களிக்கும் இடங்களில் அறிவித்தல் ஒட்டுவார்கள். அந்தப் பெயருக்கு விழும் வாக்குகளை எண்ணமாட்டார்கள்.

தேர்தலன்று செல்வரட்ணம் வாக்களிக்கப் போகும் எண்ணத்தில் இல்லை. மகள் அட்சயாவைப் பள்ளியில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது, வாக்களிக்கும் பாடசாலைக்கு முன்னால் தங்கேஸ்வரியைக் கண்டான். அந்த வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளையின் தாய். அவள் கையில் ஜெயமலரின் படம் போட்ட துண்டுப்பிரசுரம். காரை ஓரங்கட்டி இறங்கினான்.

"அண்ணை, அக்காவுக்குப் போடத்தான் வந்தனான். அவ எங்கை, உள்ளுக்கோ?"

"அவ மோசம் போயிட்டா, தங்கச்சி."

தங்கேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். அழுது முடியும்வரை அவன் பக்கத்தில் நின்றான். பிறகு சொன்னான்:

"அவவுக்குப் போட்டா எண்ணமாட்டினம். வேரோனிக்கா எண்டு ஒரு பிலிப்பைன்ஸ்காரி நிக்கிறா. அவவும் வகுப்பை மூட விடமாட்டன் எண்டவ. அவவுக்குப் போடுங்கோ."

அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். உள்ளே ஒட்டியிருந்த அறிவித்தல் ஒரு தாள், ஆங்கிலத்தில். அதை யார் நின்று வாசிக்கப்போகிறார்கள் என்று அவன் யோசித்தான். பாடசாலை வளவுக்குள் யாருக்கும் வாக்குக் கேட்கக் கூடாது. ஆகவே வெளியே நடைபாதையில் நின்றுகொண்டான்.

நாள் முழுக்க, வந்தவர்களிடம் ஒன்றையே சொன்னான். மனைவி செத்துப்போனாள், வேரோனிக்காவுக்குப் போடுங்கள். சிலர் கையைப் பிடித்தார்கள். ஒருவர் என்ன வருத்தம், எந்த ஆஸ்பத்திரி என்று ஆதியோடந்தமாக விசாரித்தார். இன்னொருவர், "அப்ப நான் போட்டு என்ன செய்ய?" என்று வந்த வழியே திரும்பிவிட்டார். பின்னேரமாகும்போது அவனுடைய வாய் அதை வேறு யாருடைய மனைவியைப் பற்றியோ சொல்வதுபோலச் சொல்லத் தொடங்கியிருந்தது. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

கடைசியாக அவனும் உள்ளே போனான். சீட்டைத் தந்த அலுவலர் சுவரிலிருந்த அறிவித்தலைக் காட்டி, பார்த்தீர்களா என்று கேட்டாள். "ஓம், அது என்ர மனுசி," என்று தமிழில் சொல்லிப் பிறகு ஆங்கிலத்திலும் சொன்னான். அவள் கதிரையை விட்டு எழுந்துவிட்டாள்.

அட்டை மறைப்புக்குப் பின்னால் சீட்டை விரித்தான். ஜெயமலர் செல்வரட்ணம். அவனுடைய பெயரும் சேர்த்து அச்சடித்திருந்தது. பக்கத்தில் வெறும் வட்டம். பேனை அதன்மேல் போய் நின்றது. காலையிலிருந்து எத்தனை பேரை மறித்துச் சொல்லிவிட்டு, தான் மட்டும் எப்படி? வேரோனிக்காவின் வட்டத்தை நிரப்பினான். இயந்திரம் சீட்டை உள்ளே இழுத்துக்கொண்டது.

வேரோனிக்கா பெரிய வித்தியாசத்தில் தோற்றாள். வென்றவர் அந்த வகுப்பைப் பற்றி ஒரு நாளும் வாய் திறக்காதவர்.

மறுநாள் காலை செல்வரட்ணம் தேர்தல் அலுவலகத்துக்குப் போன் எடுத்தான். ஜெயமலருக்கு எத்தனை பேர் போட்டார்கள் என்று மட்டும் கேட்டான்.

"அதை எண்ணுவதில்லை, சேர்."

"மெஷினுக்குத் தெரியும்தானே?"

"மன்னிக்கவேணும், சேர்."

லீவு முடிந்து அவன் திரும்பவும் பஸ் எடுத்த வாரம், ஷெப்பர்ட் வீதியில் தங்கேஸ்வரி மகனோடு ஏறினாள். உள்ளே போகாமல் அவன் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிவப்பு விளக்கில் பஸ் நின்றபோது மெல்லச் சொன்னாள்:

"அண்ணை, கோவிக்காதேங்கோ. அண்டைக்கு நீங்கள் சொன்னதை நான் கேக்கேல்லை. அக்காவுக்குத்தான் போட்டனான். எண்ணமாட்டினம் எண்டு தெரியும். இவனோட குந்தியிருந்து கதைச்சவ அவ ஒராள்தான். அந்தப் பேரைக் கண்டாப்பிறகு கை வேறை இடத்துக்குப் போகேல்லை."

செல்வரட்ணம் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி இருந்தான்.

"நான் போடேல்லை, தங்கச்சி," என்றான். "நான் அவவுக்குப் போடேல்லை."

ஆஸ்பத்திரியிலும் சுடலையிலும் வராத அழுகை அப்போது வந்தது. பச்சை விழுந்தது. பின்னாலிருந்த கார்கள் ஹோர்ன் அடித்தன. தங்கேஸ்வரி அவன் தோளில் கை வைத்தாள். பஸ் நின்ற இடத்திலேயே நின்றது.