எந்தப் பக்கமாகச் சுற்றுவது

வரைபடம் சுருண்டுகொண்டே இருந்தது. ஒரு மூலையில் உப்பு ஜாடியை வைத்தான் ஹம்பீஸ். இன்னொரு மூலையில் தன் பூச்சுக் கரண்டியை வைத்தான். மீதி இரண்டு மூலைகளை முழங்கையால் அழுத்திக்கொண்டு குனிந்து பார்த்தான். சைப்ரஸ் தீவு ஒட்டடைக் கம்பு மாதிரி வாலை நீட்டிக்கொண்டு கிடந்தது. அதை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று அவனுக்கு விளங்கவில்லை.

தீவு அவனுக்குப் புதிதல்ல. பதினாறு வயதில் சாந்துச் சட்டி தூக்க ஆரம்பித்தவன். லிமசோலில் அவன் பூசாத தெரு இல்லை, பாபோஸில் அவன் ஏறாத சாரம் இல்லை. ஆனால் போன இடமெல்லாம் வேலைக்குப் போனது. விடியும் முன் பிக்கப் வண்டியில் ஏறுவான், இருட்டியபின் இறங்குவான். நடுவில் பார்த்ததெல்லாம் சுவர்தான். சும்மா ஒரு ஊருக்குப் போய் நிற்பது எப்படி என்று யாரும் அவனுக்குச் சொல்லித்தந்ததில்லை.

கிரிஸ்தாலாதான் ஆரம்பித்து வைத்தாள். அவன் மனைவி, தீவின் கிழக்குக் கோடியில் தங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள புரோத்தராஸ் கடற்கரையில் ஒரு பெரிய ஓட்டலில் அறை சுத்தம் செய்கிறவள். கோடை முழுக்க ஓட்டல் அவளை விடாது. நவம்பரில் ஓட்டலைப் பூட்டினால் ஆலிவ் பறிப்பு வந்துவிடும். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான் போகிறது. இந்த வருஷம் மரங்கள் காய்க்கவில்லை. ஓட்டலைப் பூட்டியதற்கும், மெத்தைகளை உதற மறுபடி அவளைக் கூப்பிடுவதற்கும் இடையில் மூன்று ராத்திரி கிடைத்தது. தீவைச் சுற்றி வருவோம் என்றாள். அவன் சரி என்றான். அப்புறம்தான் அவள் சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

"எங்க வேணா நிறுத்து, எதை வேணா தின்னு. ஆனா ஒரு ராத்திரி ஓட்டல்ல தங்கணும். நான் விரிக்காத படுக்கையில நான் படுக்கணும். காலையில அதைக் கசங்கலாவே விட்டுட்டு வெளிய வரணும். எனக்கு வேறெதுவும் வேணாம்."

அவனுக்குக் குழப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது. வருஷம் முழுக்க ஓட்டல் அறையில் கிடப்பவள் எதற்காக இன்னொரு ஓட்டல் அறைக்கு ஆசைப்படுகிறாள்? லீவு கிடைத்தால் நான் போய்ச் சுவரையா பார்க்கிறேன் என்று கேட்டான். கீழே விழுந்த சாந்தைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்துவிட்டு அவள் அவரைக்காய் உரிக்கப் போய்விட்டாள்.

சுற்றுவது என்றால் முழுச் சுற்றா என்றும் ஒரு கேள்வி இருந்தது. தீவின் வடக்குப் பாதி துருக்கியர் வசம், எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம். போகலாம், பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும், வண்டிக்குத் தனியாக இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும். சொந்தத் தீவைச் சுற்ற பாஸ்போர்ட்டா என்று அவன் ஆரம்பித்தபோது, இருக்கிற பாதியை முதலில் ஒழுங்காகச் சுற்று என்று அவள் வாயை அடைத்தாள்.

இதோடு விட்டிருக்கலாம். ஹம்பீஸ் தோபீஸுக்குப் போன் போட்டான்.

தோபீஸ் அவனுடைய கும்பாரோ. கல்யாணத்தில் பாதிரியார் முன்னால் மணமக்கள் தலையில் முடிமாலையை மாற்றிப் பிடிக்கிற தோழன். அன்றோடு அந்த உறவு முடிந்துவிடாது, கூடப் பிறந்தவனைவிட ஒட்டிக்கொள்ளும். பணக்காரன் மகனுக்குப் பெரிய மனிதர்கள் கும்பாரோவாக வந்து நிற்பார்கள். ஹம்பீஸுக்குப் பின்னால் சாரத்திலிருந்து இறங்கி முகம் கழுவிய கூட்டாளிகள் நின்றார்கள். தோபீஸ் இப்போது மேற்குக் கோடியில் லாட்சி துறைமுகத்தில் மீன் பிடிக்கிறான். மற்ற இரண்டு கும்பாரோக்களில் அந்திரிகோஸ் பாபோஸில், கோக்கோஸ் லிமசோலில். கும்பாரோ இருக்கும் ஊருக்குப் போய்விட்டு ஓட்டலில் படுப்பது அவன் வாசலில் காறித் துப்புவதற்குச் சமம். சொல்லாமல் கடந்து போகவும் முடியாது. பிக்கப் வண்டியின் பக்கவாட்டில் ஹம்பீஸின் பெயர் முழ உயரத்துக்கு எழுதியிருந்தது.

தோபீஸ் மகிழ்ந்துபோனான். ஆட்டை மண் அடுப்பில் வைத்து மூடிவிடுகிறேன், முதல் ராத்திரி என் வீட்டில் என்றான். முதல் கும்பாரோ நான், அதனால் முதல் சாப்பாடும் என்னுடையது என்றான். நியாயம்தான். ஆனால் அவன் இருப்பதோ கடைசியில். அவனிடம் முதலில் போக வேண்டுமானால் லிமசோலையும் பாபோஸையும் நிற்காமல் கடக்க வேண்டும். அதைச் சரிக்கட்ட ஹம்பீஸ் கோக்கோஸுக்குப் போன் செய்து, வரும்போது பார்க்கிறேன் என்றான். அப்படியானால் நான் மிச்சமா என்றான் கோக்கோஸ். அவனைச் சமாதானப்படுத்த ஒரு ராத்திரியைக் கொடுத்தான். அந்திரிகோஸை யாரோ அதற்குள் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். அவனே போன் செய்து, எனக்கு எந்த ராத்திரி என்று கேட்டான்.

வரைபடத்தின் மேல் அவரைக்கொட்டைகளை வைத்து நகர்த்திப் பார்த்தான் ஹம்பீஸ். இடப்பக்கமாகச் சுற்றினால் ஒருத்தனுக்குக் கோபம், வலப்பக்கமாகச் சுற்றினால் இன்னொருத்தனுக்கு. எப்படி வைத்தாலும் மூன்று ராத்திரிக்கும் மூன்று வீடு ஆகிவிட்டது. கிரிஸ்தாலா அவன் தோளுக்கு மேலாகக் கொட்டைகளைப் பார்த்தாள். அவள் மனதில் குறித்து வைத்திருந்த பிளாட்ரெஸ் மலை ஓட்டலுக்கென்று வாங்கி வைத்திருந்த புதுப் பெட்டியைத் தூக்கி அலமாரியின் உச்சியில் போட்டாள்.

அவள் திட்டியிருந்தால் அவனுக்குப் பழக்கமானது. இந்த மௌனத்தை எங்கே பிடித்துத் தூக்குவது என்று தெரியவில்லை. இரண்டு நாள் அவள் உப்பைக் கூடக் கேட்டு வாங்காமல் எழுந்துபோய் எடுத்துக்கொண்டாள். கடைசியில் அவன் கொல்லைப்புறம் போய் நின்று தோபீஸைக் கூப்பிட்டான். பயணம் இல்லை, கிரிஸ்தாலாவுக்கு உடம்பு சரியில்லை, மற்றவர்களிடமும் சொல்லிவிடு என்றான். என்ன உடம்புக்கு என்று கேட்டதும் வாயில் வந்தது இடுப்பு. அது பொய்யுமில்லை. அவள் இடுப்பு வலிக்கிறது என்று சொல்லாத ராத்திரி ஏது?

மூன்று பேரையும் கழற்றிவிட்டோம், நாளைக்கு நேராக மலைக்குப் போய்விடலாம், அவளிடம் ராத்திரி சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். கும்பாரோவின் மனைவிக்கு, அதாவது ஒரு கும்பாராவுக்கு உடம்பு சரியில்லை என்றால் கும்பாரோக்கள் என்ன செய்வார்கள் என்பதை அவன் யோசிக்கவில்லை.

சாயங்காலம் தோபீஸின் வண்டி வாசலில் வந்து நின்றது. அவன் மனைவி அந்தூலா கையில் கோழிச் சூப்புப் பானையோடு இறங்கினாள். பின்னாலேயே லிமசோலும் பாபோஸும் மனைவிமாரோடும் தூக்குச்சட்டிகளோடும் வந்து சேர்ந்தன. கிரிஸ்தாலா ஸ்டூல் மேல் ஏறி ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இடுப்பு போயிடுச்சுன்னாங்க, நீ மரத்துல ஏறின பூனை மாதிரி நிக்கறே. இறங்குடி முதல்ல," என்றாள் அந்தூலா.

கிரிஸ்தாலா ஹம்பீஸைப் பார்த்தாள். அவன் கண்ணாலும் புருவத்தாலும் என்னென்னவோ கெஞ்சினான். அவள் என்ன புரிந்துகொண்டாளோ, இறங்கினாள். பெண்கள் அவளைக் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுபோனார்கள். மரப்பெட்டியிலிருந்த நல்ல விரிப்பை எடுத்து விரித்துப் படுக்க வைத்து, இடுப்புக்குக் கீழே வெந்நீர்ப் பையைத் திணித்தார்கள். ஆண்கள் சிவானியா சாராயத்தைத் திறந்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து ஹம்பீஸ் அறை வாசலுக்குப் போனான். நடந்ததை முணுமுணுவென்று சொன்னான். அவள் முகத்தில் ஒன்றும் அசையாததைப் பார்த்து, சிரிக்க வைக்கலாமென்று, நீ விரிக்காத படுக்கை கிடைத்துவிட்டதே என்றான்.

"யோவ். இந்த விரிப்ப நாளைக்கு யாரு துவைப்பா?"

அவன் விரிப்பைப் பார்த்தான், அவள் விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள்.

"அந்தச் சூப்புப் பானை, உங்க சாராயக் கிளாஸ், அவங்க செருப்பு மண்ணு, எல்லாம் எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கும். ஓட்டல்னா கதவைச் சாத்திட்டு வெளிய வந்தா முடிஞ்சுது. உள்ள என்ன கிடந்தாலும் என்னோடது இல்ல. நீ சுவரு பூசி முடிச்சா வீட்டுக்கு வந்துடறே. சுவரு உன் பின்னாடியே வருதா?"

வருவதில்லை. ஹம்பீஸ் அதைப் பற்றி ஒருநாளும் நினைத்ததில்லை. அவன் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அந்தூலா சூப்புக் கிண்ணத்தோடு நின்றிருந்தாள்.

"எந்த ஓட்டல்?"

இனி மறைக்க முடியாது. எல்லாம் வெளியே வந்தது, பொய்யும் சேர்த்து. கூடத்தில் தோபீஸ் கிளாஸைக் கீழே வைத்தான். அவன் முகம் கறுத்தது.

"கும்பாரே, என் வீட்டுல கட்டில் இல்லாமலா போச்சு? நோவுன்னு பொய் சொல்ற அளவுக்கு நான் என்ன செஞ்சேன்?"

ஹம்பீஸ் தரையைப் பார்த்தான்.

"நீ சும்மா இரு," என்றாள் அந்தூலா தன் புருஷனிடம். "கட்டில் இருக்கு. அவ நம்ம வீட்டுக்கு வந்தா உங்க கூத்தெல்லாம் முடிஞ்சு நானும் அவளும் எச்சில் தட்டு கழுவிட்டுத்தான் அந்தக் கட்டில்ல விழணும். காலையில எனக்கு முன்னாடி எழுந்து விரிப்பை உருவி மடிச்சு வைப்பா. எனக்குத் தெரியாதா, உன் அக்கா வீட்டுல நான் அதைத்தானே செய்யறேன்." கிண்ணத்தைக் கிரிஸ்தாலாவின் கையில் கொடுத்தாள். "மலை ஓட்டல்ல எனக்கும் ஒரு அறை சொல்லு."

மற்ற இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குமேல் ஆண்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

காலையில் கிரிஸ்தாலா அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கினாள். நேற்று மூன்று வீடுகளில் தங்கவேண்டியிருந்த ஹம்பீஸ் இன்று அந்த மூன்று வீட்டுப் பெண்களையும் ஏற்றிக்கொண்டு தன் வீட்டிலிருந்தே கிளம்பினான். இது எப்படி இப்படி ஆனது என்று வண்டியைக் கிளப்பும்போதும் அவனுக்குப் புரியவில்லை. ராத்திரிப் பாத்திரங்களைக் கழுவ வீட்டில் விடப்பட்ட ஆண்களில் தோபீஸ் வாசலில் கையில் ஈரத் துணியோடு நின்றான். இன்னும் கோபமாகத்தான் இருந்தான். ஆனால் எந்தத் தட்டு எந்த அலமாரியில் என்று கேட்க வேண்டியிருந்தது. கேட்டான்.

பெரிய சாலை வரும் முச்சந்தியில் ஹம்பீஸ் பிரேக்கை மிதித்தான். இடப்பக்கம் கடலோரம், வலப்பக்கம் நெடுஞ்சாலை. பின்சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த மூன்று பேரும் மூன்று வழி சொன்னார்கள். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவன் கிரிஸ்தாலாவைப் பார்த்தான். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய பாதங்களை டாஷ்போர்டு மேல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"எந்தப் பக்கம் போக?"

"எந்தப் பக்கமா வேணா போ. ராத்திரி அங்க இருந்தா சரி. போனை மட்டும் இங்க கொடு."

போனைக் கொடுத்தான். இடப்பக்க விளக்கைப் போட்டுவிட்டு வலப்பக்கம் திரும்பினான்.