ஜாமீனுக்கு ஆகிற ஆள்

என் அண்ணன் வரதனுக்கு ஜாமீன் கிடைத்துப் பதினோரு நாள் ஆகியும் அவன் சப் ஜெயிலுக்குள்ளேயேதான் கிடந்தான். கேட்டவர்கள் எல்லாம் என்னைத்தான் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள், ஏதோ சாவியை நான் மடியில் கட்டிக்கொண்டு திரிகிறவன் போல.

அண்ணன் செய்த குற்றம் இதுதான். ஆவடியில் பட்டாளத்துக்கு முகாம் போட சர்க்கார் எங்கள் ஊர் வயல்களை எடுத்துக்கொண்டது. ஜப்பான்காரன் வருகிறானாம், அவனைத் தடுக்க எங்கள் நெல்வயல்தான் கிடைத்தது. அளந்து நட்ட கற்களை அண்ணன் பிடுங்கிக் கால்வாயில் போட்டான். பிடித்துக்கொண்டு போனார்கள். வழக்கு இழுத்துக்கொண்டே போனது.

இரண்டாம் மாதம் அவனுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சுக்கு அல்லாடினான். ஜெயில் டாக்டர் நல்ல மனிதர். வெளியே வைத்து வைத்தியம் பார்க்காவிட்டால் ஆள் தங்கமாட்டான் என்று எழுதிக் கொடுத்தார். மாஜிஸ்திரேட்டும் இரக்கப்பட்டு ஜாமீன் கொடுத்தார். ஒரே நிபந்தனை, கிஸ்தி கட்டுகிற நிலம் உள்ள ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும்.

வயலில் கல் நட்டாலும் கிஸ்தி ரசீது கையில் இல்லாத வீடு எங்கள் தெருவில் ஏது என்று நினைத்து, பெரியப்பா மணவாளனை வண்டியில் ஏற்றிக்கொண்டு கோர்ட்டுக் கச்சேரிக்குப் போனேன். குமாஸ்தா அவருடைய ரசீதை, சர்க்கார் எடுத்த நிலங்களைப் பதிந்த ஒரு நோட்டோடு ஒத்துப் பார்த்தார்.

"இந்த சர்வே நம்பர் சர்க்காருக்குப் போயாச்சு. இவர் ஜாமீனுக்கு ஆகமாட்டார்."

"போன வருஷம் கூட கிஸ்தி கட்டிகீறாரே, சாமி," என்றேன்.

"இந்த வருஷம் எதுக்குக் கட்டுவார்?"

அடுத்து ஜெயராமனைக் கூட்டிப் போனேன். அதே நோட்டு, அதே பதில். அப்புறம் லோகநாதன். அதற்குப் பிறகுதான் என் மரமண்டைக்கு உறைத்தது, எங்கள் ஊரில் இனி எவனும் ஜாமீனுக்கு ஆகமாட்டான். நிலத்தைப் பிடுங்கிக்கொண்டவனே நிலம் இருக்கிறதா என்று கேட்கிறான். இந்த அநியாயத்துக்கு எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது? பூந்தமல்லி சாலை நெடுக வண்டிமாட்டைத் திட்டிக்கொண்டே வந்தேன். அது என்ன பாவம் செய்தது.

பக்கத்து வெள்ளானூரில் நிலங்கள் தப்பியிருந்தன. ஆனால் அங்கே எங்களுக்குத் தெரிந்த ஒரே நிலக்காரர் வீரராகவன். ஆறு வருஷத்துக்கு முன் ஏரித் தண்ணீர்த் தகராறில் அண்ணன் அவர் மண்டையை உடைத்திருந்தான். வெட்கத்தை விட்டு அவர் வாசலில் போய் நின்று விஷயத்தைச் சொன்னேன். அவர் உள்ளே போய் ரசீதை எடுத்துவந்து வண்டியில் ஏறிக்கொண்டார்.

குமாஸ்தா நோட்டைப் புரட்டிப் பார்த்தார். இந்தத் தடவை சரியென்று தலையாட்டினார். வீரராகவன் கையெழுத்துப் போட்டார்.

சப் ஜெயிலில் இரண்டு பேர் அண்ணனைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். முகமும் காலும் வீங்கி, அடையாளமே மாறியிருந்தான். வீரராகவனைப் பார்த்ததும் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"இவன் கையெழுத்துலயா? நான் வரல. உள்ளயே கீறேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அறைந்தே இருப்பேன். பதினோரு நாள் நாயாய் அலைந்திருக்கிறேன். அண்ணி அன்னம்மாள் ஒரு வேளைச் சோறு ஒழுங்காகத் தின்னவில்லை. இவனுக்கு வீம்பு.

"சாவற நேரத்துலயும் இன்னாண்ணா ரோஷம் உனுக்கு?" என்றேன்.

மூச்சு வாங்கியதே தவிர, பிடி தளரவில்லை. தாங்கி வந்த சேவகர்கள் சலித்துப்போய்ச் சற்றுத் தள்ளி நின்றார்கள். வீரராகவன் அண்ணன் பக்கத்தில் போய்க் குனிந்தார். அவர்களுக்குக் கேட்காதபடி தணிந்த குரலில் பேசினார்.

"எனக்கும் நோட்டீஸ் வந்துட்ச்சி, வரதா. வெள்ளிக்கிழமை கல்லு நட வரானுங்க. அந்த நோட்டுல ஏத்தறதுக்குள்ள ஓடியாந்தேன். அதுக்கப்புறம் என் கையெழுத்தும் செல்லாது."

அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எத்தினி காணி?" என்றான்.

"எல்லாம்."

அண்ணன் கம்பியை விட்டான்.