திலகாவுக்கு விழுந்த மாலை

கொழுந்து வெட்டும் மெஷினின் ஒரு முனையைத் திலகாவும் மறுமுனையைச் சரோஜாவும் பிடித்துச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். பாதி வரிசையில் திலகா நின்றுவிட்டாள். இடுப்பெலும்பு விண்விண்ணென்று தெறித்தது.

"இன்னிக்கும் ஊசியா புள்ள?"

"காலையிலயே போட்டாச்சுக்கா. எலும்புக்குள்ள யாரோ உலக்கை போடுற மாதிரி இருக்கு. வலிச்சா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தமாம். உள்ள இருக்கிற குருத்தணு எல்லாம் பெருகி ரத்தத்துக்கு வந்துருமாம். நாளைக்கு கே.எல். ஆஸ்பத்திரியில அத மட்டும் மெஷின்ல புடிச்சிக்கிட்டு, மிச்ச ரத்தத்தத் திருப்பிக் குடுத்துருவாங்க."

"நம்ம மெஷின் கணக்குதான்லா. கொழுந்த எடுத்துட்டு செடிய விட்டுருது."

திலகா சிரித்தாள். சிரித்தாலும் வலித்தது.

அவள் அண்ணன் புனிதனுக்கு ரத்தப் புற்றுநோய். அவனுடைய பழைய மஜ்ஜையை மருந்து கொடுத்துத் தீர்த்துவிட்டார்கள். நாளைக் காலை தங்கை போய்ச் சேராவிட்டால் அவன் உடம்பில் புது ரத்தம் ஊற வழியில்லை.

எஸ்டேட்டை நடத்தும் துரைக்கு இது தெரிய வந்ததும் உள்ளம் உருகிவிட்டது. எஸ்டேட் வேனிலேயே அனுப்புவதாக அறிவித்தார். ஆனால் அதற்கு முன் ஒரு சிறு நிகழ்ச்சி: தொகுதியின் மக்கள் பிரதிநிதி, ஒய்.பி., வந்து மாலை போடுவார். மெஷினும் கையுமாகத் திலகா மலையில் நிற்க வேண்டும். மதியம் வர வேண்டிய ஒய்.பி. பிரிஞ்சாங்கில் ஸ்ட்ராபெரி சாப்பிட்டுக்கொண்டிருப்பதாகத் தகவல் வந்தது. பிறகு, இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருப்பதாக வந்தது.

"மாலை விழாம வேன் நகராது. துரை ஆர்டர்," என்றார் ஆபீஸ் கிராணி வீரப்பன்.

அவர் தலை மறைந்ததும் சரோஜா மெஷினை இறக்கினாள்.

"ஒன் தொப்பியக் குடுடி."

"எதுக்குக்கா?"

"முருகையாவோட காய்கறி லோரி கே.எல்.லுக்கு எறங்குது. போய் ஏறு. தொப்பியும் முகத்துணியும் போட்டா துரைக்கு நாம எல்லாம் ஒரே ஆளுதான்."

ஒய்.பி. வெயில் சாய்ந்த பிறகு வந்தார். அதற்குள் திலகா முட்டைக்கோசு மூட்டைகளுக்கு முன்னால் உட்கார்ந்து மலை இறங்கியிருந்தாள். ஒய்.பி. சரோஜாவுக்கு மாலை போட்டார். "இந்தத் தங்கை நன்றாக ஓய்வெடுக்க வேண்டும்!" என்று முழங்கினார். துரை கைகுலுக்கினார். சரோஜா முகத்துணியை அவிழ்ப்பதுபோல் பாவனை செய்தபோது, "வேணாம், வேணாம், இதுதான் எஸ்டேட் லுக்," என்று தடுத்தார் போட்டோகிராபர்.

படம் எடுத்து முடிந்ததும் வேனை எல்லோரும் மறந்துவிட்டார்கள். இன்னொருத்தியை மறுமுனையில் பிடிக்கச் சொல்லி, மாலையோடே மெஷினைத் தூக்கினாள் சரோஜா. வரிசை பாதியில் கிடந்தது.

மறுநாள் சாயங்காலம் போன் வந்தது.

"போதுமானது கெடச்சிருச்சாம்கா! பையில பாத்தேன், சம்பல் தண்ணி மாதிரி செவப்பா இருக்கு. அண்ணனுக்கு ஏறிக்கிட்டு இருக்கு. என்னைய நாலு நாளு பாரம் தூக்கக் கூடாதுன்னுட்டாங்க."

சரோஜா லயத்து வீடுகள் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். ஆளுக்கொரு கோப்பை மைலோ கலக்கிக் குடித்தார்கள்.

அடுத்த நாள் காலைப் பெரட்டில், ஆபீஸ் முகப்பில் புதுப் பேனர் கட்டியிருந்தது. மாலையும் முகத்துணியுமாக ஓர் உருவம். கீழே 'எங்கள் தியாகத் தங்கை திலகா'. பேனருக்கு அடியில் நின்று வீரப்பன் பெயர் கூப்பிட்டார்.

"திலகா!"

"ஆஸ்பத்திரியில கிராணி," என்றாள் சரோஜா.

"டாக்டரோட எம்.சி. சீட்டு இருக்கா?"

"அவ சீக்காளி இல்லியே. அண்ணன்தான் சீக்கு."

"அப்ப ஆப்சென்."

காற்றில் அவிழ்ந்து அவர் மூஞ்சியில் அடித்த பேனரின் நுனியை ஒரு கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டு, அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.