காந்தத்தில் ஒட்டிய பொடி

பேராசிரியர் ஜோதிலிங்கம் தமிழில் பேச ஆரம்பித்தாலே இளவரசிக்குக் குமட்டும். மற்ற நேரமெல்லாம் அவருக்கு இங்கிலீஷ்தான். ஆய்வுக்கூடத்தில் இருக்கும் இந்திக்காரப் பிள்ளைகளுக்குப் புரியக்கூடாத காரியம் என்றால் மட்டும் தாய்மொழி ஞாபகம் வந்துவிடும்.

மோதி பாக் அரசாங்கக் குவார்ட்டர்ஸிலிருந்து ஐந்து வருஷமாக பஸ்ஸில் இடிபட்டு வந்து அவரிடம் ஆராய்ச்சி செய்கிறாள். ஆய்வேடு எழுதியாயிற்று. அவர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

ஆராய்ச்சி என்னவோ நல்லதுதான். மருந்து தயாரிக்க உதவும் ஒரு கறுப்புப் பொடி, இரும்புத் துகள்மேல் பல்லேடியம் என்ற உலோகம் பூசியது. வேலை முடிந்ததும் குடுவைக்கு வெளியே காந்தத்தை வைத்தால் பொடி அந்தப் பக்கம் வந்து ஒட்டிக்கொள்ளும். மருந்தை வடித்துவிட்டு அதே பொடியைத் திரும்பப் பயன்படுத்தலாம், கழிவும் குறையும். பத்து முறை தாங்கும் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்திருந்தார். உண்மையில் நாலாவது முறையே பல்லேடியம் கழன்று மருந்தோடு போய்விடும். மிஞ்சுவது வெறும் இரும்பு. காந்தத்துக்கு என்ன தெரியும், அதையும் இழுக்கும். நோயாளி விழுங்கும் மருந்தில் உலோகமா என்று அவள் கேட்டதற்கு, "அதெல்லாம் கம்பெனிக்காரன் பாத்துப்பான்" என்றார். தூ!

அன்று நிதி கொடுக்கும் குழுவிலிருந்து மூன்று பேர் பார்க்க வந்திருந்தார்கள். இளவரசி காந்தத்தை வைத்தாள். பொடி ஒட்டியதும் "வாஹ், வாஹ்" என்றார்கள். பலமுறை உழைத்துச் செத்துப்போன அந்தப் பொடியை அவள் அடுத்த குடுவைக்கு மாற்றப் போனபோது, ஜோதிலிங்கம் பான் மசாலா வாடையோடு காதருகே குனிந்தார்.

"புதுசுல கொஞ்சம் சேத்துப் போட்டுடும்மா. நம்ம பொண்ணாச்சேன்னு சொல்றேன். சாயங்காலமே கையெழுத்துப் போட்டுடறேன்."

குழுத் தலைவர் பக்கம் திரும்பி இந்தியிலேயே உரக்கச் சொல்லிவிட்டாள்: பழைய பொடி இனி வேலை செய்யாது, உங்களுக்குத் தெரியாமல் புதியதைக் கலக்கச் சொல்கிறார் சார்.

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல ஜோதிலிங்கம் விழித்தார். தலைவரோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"டால் தோ பேட்டி, கானா டண்டா ஹோ ரஹா ஹை" என்றார் சிரித்துக்கொண்டே. போட்டுவிடு மகளே, சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கிறதாம்!

வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய் முறையிடுவது? இளவரசி புதுப் பொடி இருந்த பாட்டிலை எடுத்து ஜோதிலிங்கத்தின் கையில் திணித்தாள்.

"நீங்களே போடுங்க சார். என் கையால ஆகாது."

போட்டார். எல்லோரும் பார்க்க, ஒரு துகள் சிந்தாமல் போட்டார். ஐந்து வருஷமும் அதோடு போயிற்று என்று அவளுக்குத் தெரிந்தது. மூன்று பேரும் கைதட்டினார்கள்.