ப்ரியாவின் பரீட்சையும் செபமாலை சித்தியின் அவரைப் பந்தலும்

எனக்குக் குரல் கொஞ்சம் பெரியது. தேயிலைக் கொழுந்து லாரி ஓட்டுகிறவனுக்கு அது இல்லாவிட்டால் வண்டிப்பெரியார் கடைவீதியில் ஒருத்தன் வழி விடமாட்டான். ஹாரனைவிட அருண்பாண்டி வாய்க்குத்தான் மரியாதை என்று எடைக் கொட்டகையில் கேலி பேசுவார்கள். கோபமும் அதே அளவுக்கு வரும். வந்த வேகத்தில் போய்விடும் என்பதை மட்டும் ஒரு பயலும் சொல்லமாட்டான். போகட்டும். அந்த வாயால் என் பெண்டாட்டியின் பரீட்சை ஒன்று பாழானது. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

தமிழ்ப்ரியா கம்பத்தில் கம்ப்யூட்டர் பட்டம் படித்தவள். என்னைக் கட்டிக்கொண்டு மலையேறி வந்தாள். நாலு வருடமாகக் கொழுந்து கிள்ளுகிறாள். கஞ்சிக்கோட்டில் தொழிற்சாலைகளின் கம்ப்யூட்டர் வேலையைக் கவனிக்கிற ஒரு கம்பெனி, வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆள் தேடுகிறது என்று கூடப் படித்தவள் ஒருத்தி தகவல் சொன்னாள். ஒரே ஒரு நிபந்தனை. கிளவுட் கம்ப்யூட்டிங் என்ற பரீட்சையை எழுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். பரீட்சைக்கு உண்டான செலவைக் கம்பெனியே ஏற்கும், ஆனால் ஒரே ஒரு தடவைதான். அன்று ராத்திரி அவள் சோறு பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள், வாய்க்குள் ஒரு பருக்கை போகவில்லை. எழுதேன் என்றேன். எழுதட்டுமா என்று நாலு தடவை கேட்டாள். அஞ்சாவது தடவை எனக்குக் கோபம் வந்துவிட்டது.

அப்புறம் பார்க்க வேண்டுமே. கேள்வி பதிலைச் சின்னச் சின்னத் தாளில் எழுதி, மழையில் நனையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கொழுந்துப் பைக்குள் குத்திக்கொண்டு தேயிலைக் காட்டுக்குப் போவாள். கை கொழுந்து கிள்ளும், வாய் பாடம் சொல்லும். சாயங்காலம் நான் அவள் போனை வாங்கிக் கேள்வி வாசிக்க வேண்டும். இங்கிலீஷ் எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். ஆனாலும் மூன்றாவது வாரத்தில் நாற்பத்தொன்றாம் கேள்விக்கு விடை சி என்று அர்த்தம் தெரியாமலே சொல்லிவிடுவேன். ஆட்டோ ஸ்கேலிங் என்றால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். கொழுந்து பொங்குகிற மாதத்தில் தற்காலிக ஆளைக் கூட்டிவருகிறார்கள், வெயில் காலத்தில் அனுப்பிவிடுகிறார்கள், கம்ப்யூட்டரிலும் அதேதான் என்றாள். அட, இதற்கா இத்தனை இங்கிலீஷ் என்றேன். அவளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பரீட்சையை வீட்டிலேயே எழுதலாம், முடித்ததும் மார்க் திரையிலேயே வந்துவிடும். ஆனால் எங்கேயோ இருந்து ஒருத்தர் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கங்காணி. அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது. பேச்சுச் சத்தம் கேட்கக் கூடாது. உதடுகூட அசையக் கூடாதாம். இதுதான் ப்ரியாவுக்குப் பெரிய தொல்லை, ஏனென்றால் கவர்ன்மென்ட் பள்ளிக்கூடத்தில் படித்த எல்லாரையும்போல அவளுக்கும் வாய்விட்டு வாசித்தால்தான் மண்டையில் ஏறும். அதனால் வாய் நிறையத் தண்ணீரை அடக்கிக்கொண்டு பாடம் வாசித்துப் பழகினாள். நான் கதவோரம் நின்று முகத்தைக் கோணலாக்கி வேடிக்கை காட்டுவேன். இரண்டு தடவை லேப்டாப் மேலேயே துப்பிவிட்டாள்.

இங்கே கரண்ட் எந்த நேரமும் போகும். லாரியின் பழைய பேட்டரியைக் கொண்டுவந்து இன்டர்நெட் பெட்டியோடு இணைத்துக் கொடுத்தேன். கரண்ட் போனாலும் பெட்டி அணையாது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையோடுதான் ஜூன் மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினேன்.

ஒரு மணி நேரம் ஆனது. காலையில் அவள் இரண்டு இட்லிதான் தின்றிருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. இஞ்சி தட்டிப் போட்டு, பாலில்லாமல் ஒரு கட்டன் டீ போட்டேன். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிற மனுஷிக்கு இடையில் ஒரு டீ கொடுக்காமல் எப்படி? மானேஜரே பத்து மணிக்கு டீ கொடுக்கிறான். கதவைத் திறந்து, மேஜையில் வைத்து, "குடிச்சிட்டு எழுது புள்ள" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். என் மெதுவு எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

ப்ரியா என்னைத் திரும்பிப் பார்த்தாள். திரையில் இங்கிலீஷில் ஏதோ வந்தது. பரீட்சை ரத்து.

அவள் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். டம்ளரைத் தரையில் அடித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவளோ, "தெரிஞ்சா செஞ்சீக? குடுங்க, ஆறிறப் போவுது" என்று வாங்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். மறுநாள் காலையில் பையை மாட்டிக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டாள். பிளாஸ்டிக் உறைகள் அலமாரியிலேயே கிடந்தன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் என் வாயில் நானே இரண்டு போட்டுக்கொள்ளலாமா என்று இருந்தது.

இரண்டு மாதம் கழித்து நான் ஒரு காரியம் செய்தேன். கம்பெனிக்கு நானே போன் பண்ணினேன். போனை எடுத்தவர் மலையாளத்தில் பேச, நான் எனக்குத் தெரிந்த மலையாளத்தில் டீ கொடுத்த கதையை முழுசாகச் சொன்னேன். அந்தப் பக்கம் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. சிரிப்பை அடக்கியிருப்பார். செப்டம்பர் முடிவதற்குள் இன்னொரு தடவை எழுதட்டும், இதுதான் கடைசி, அதற்குமேல் அந்த வேலைக்கு வேறு ஆளை எடுத்துவிடுவோம் என்றார். ப்ரியாவிடம் சொன்னபோது அவள் அலமாரியைத் திறந்து உறைகளை எடுத்துத் தூசி தட்டினாள்.

செப்டம்பர் கடைசி ஞாயிறுதான் கிடைத்தது. காலை பத்து முதல் பதினொன்றரை வரை. கொழுந்து பொங்கும் நேரத்தில் வேறு நாளில் லீவு கேட்டால் சண்டைதான் வரும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எங்கள் லயத்தில் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கும். லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக எட்டு வீடு. இடைச்சுவர் கூரையைத் தொடாது, முக்கால்வாசியிலேயே நின்றுவிடும். ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டில் நூறாயுசு சொல்வார்கள். அதனால் வீடு வீடாகப் போய்க் கேட்டேன். தொண்ணூறு நிமிடம் டி.வி. வேண்டாம், குக்கர் விசில் வேண்டாம், சண்டையிருந்தால் முந்தின நாளே போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

ஆறு வீட்டில் உடனே சரி என்றார்கள். அடுத்த வீட்டுச் செபமாலையம்மாள் சித்தியிடம் கேட்கத்தான் எனக்குத் தயக்கம். சித்திக்கும் எனக்கும் போன வருடம் பேச்சு நின்றிருந்தது. காரணம், லயத்துக்கு எதிரே சித்தி போட்டிருக்கும் அவரைப் பந்தல். இங்கே காட்டுமாடு தேயிலைக்குள்ளிருந்து இறங்கி வந்து தோட்டத்தை மேய்ந்துவிடும். கொய்யா மரத்தில் ஒரு தகர டின் தொங்குகிறது. யார் முதலில் மாட்டைப் பார்த்தாலும் டின்னை அடிக்க வேண்டும், அந்தச் சத்தம் கேட்டதும் எட்டு வீடும் தட்டும் கரண்டியுமாக வெளியே வந்து கத்த வேண்டும். லயத்துக்கென்று எழுதாத சட்டம் அது. போன வருடம் மாடு பந்தலை மேய்ந்ததை நான் பார்த்தும் லாரியில் ஏறிப் போய்விட்டேன் என்று சித்தி இன்றைக்கும் நம்புகிறது. நான் பார்க்கவே இல்லை, சத்தியமாக. மூன்று மாதம் சித்தி என் முகத்தைப் பார்க்கவில்லை. சித்தியின் வீட்டுக்காரர் சூசையப்பன் சித்தப்பாதான் கிறிஸ்துமஸுக்குச் சமாதானம் பண்ணிவைத்தார். இப்போது நான் போய்க் கேட்டதும் சித்தி அவரைக்காயை நறுக்கிக்கொண்டே, முதல் பூசைக்குப் போய்விட்டுச் சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்று மட்டும் சொன்னது.

அந்த ஞாயிறும் வந்தது. ப்ரியா கேமராவில் நாலு சுவரையும், மேஜைக்கு அடியையும், கை இரண்டையும் திருப்பித் திருப்பிக் காட்டினாள். கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கொய்யா மரத்தடிக்குப் போய்ச் சொம்பிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் எடுத்து அடக்கிக்கொண்டேன். முழுங்கியதும் இன்னொரு வாய். எனக்கு என்னை நம்பிக்கையில்லை.

லயம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. கறிச்சட்டியை மூடி இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு எல்லாரும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். சூசையப்பன் சித்தப்பாவுக்கு இருமல் வந்தால் துண்டை வாயில் வைத்துக்கொண்டு ரோடு வரைக்கும் நடந்துபோய் இருமிவிட்டு வந்தார். அரை மணி போனது. முக்கால் மணி போனது.

பதினொரு மணி வாக்கில் தேயிலைச் செடிகள் அசைந்தன. காட்டுமாடுதான். தனி ஆண் மாடு, கறுப்பு உடம்பு, காலுக்கு வெள்ளை உறை போட்டமாதிரி. நேராக இறங்கி வந்து வேலியை நெஞ்சால் தள்ளிவிட்டு அவரைப் பந்தலில் வாயை வைத்தது.

என் தலைக்கு மேலேயே டின் தொங்கியது. குச்சியும் அங்கேயே இருந்தது. உள்ளே ப்ரியாவுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. டின்னை அடித்தால் அந்தச் சத்தத்துக்கு எட்டு வீடும் கத்தும், கங்காணி பரீட்சையை மூடிவிடுவார், கஞ்சிக்கோட்டு வேலை அதோடு போச்சு. அடிக்காவிட்டால் இந்த வருடமும் நான் பார்த்துக்கொண்டு சும்மா நின்றவன் ஆவேன், இந்தத் தடவை நிஜமாகவே. எனக்கு வாய் நிறையத் தண்ணீர், கண் நிறையக் காட்டுமாடு. பாவி மாடே, ஞாயிற்றுக்கிழமைதானா உனக்குக் கிடைத்தது என்று மனசுக்குள் கத்தினேன். என்னை அறியாமலே கை குச்சிக்குப் போய்விட்டது. பழக்கம் அப்படி.

யாரோ என் மணிக்கட்டைப் பிடித்தார்கள். செபமாலை சித்தி. பூசைக்குக் கட்டிய சேலையை இன்னும் மாற்றவில்லை. என் கையிலிருந்து குச்சியை வாங்கித் தரையில் சத்தம் வராமல் வைத்தது. பந்தலைப் பார்த்தது, எங்கள் வீட்டுக் கதவைப் பார்த்தது, வேண்டாம் என்று தலையை ஆட்டியது. முந்தானையைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டது.

பின்னாலேயே எல்லாரும் வந்துவிட்டார்கள். ஏழு வீட்டு ஆட்களும் வேலியோரம் வரிசையாக நின்று, ஒரு காட்டுமாடு சாவகாசமாக அவரை மேய்வதைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். அது பந்தலின் ஒரு காலைச் சாய்த்துவிட்டு அடுத்த பக்கம் போனது. எங்களை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தது. பிறந்ததிலிருந்து இப்படி ஒரு ஜனத்தை அது பார்த்திருக்காது. நறுக் நறுக்கென்று கொடி அறுபடுகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் சித்தியின் தோள் அதிர்ந்தது. எனக்கு அழுகை வந்தது. கோபக்காரன் அழுதால் அசிங்கமாகத்தான் இருக்கும். தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு மூக்கால் அழுதேன்.

கதவு திறக்கிற சத்தம் கேட்டது. எல்லாரும் திரும்பினோம்.

ப்ரியா வாசலில் நின்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எங்கள் வரிசையைப் பார்த்தாள். சாய்ந்துகிடந்த பந்தலைப் பார்த்தாள், மாட்டைப் பார்த்தாள், சித்தி கடித்துக்கொண்டிருந்த முந்தானையைப் பார்த்தாள். இரண்டு நிமிடம் அப்படியே நின்றாளோ என்னவோ, எனக்கு ஒரு வருடமாக இருந்தது. பிறகு செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்து, தரையில் கிடந்த குச்சியை எடுத்து, அந்த டின்னை அடித்தாள் பாருங்கள். மலை எதிரொலித்தது. அடித்துக்கொண்டே கத்தினாள். என் பெண்டாட்டிக்கு இவ்வளவு பெரிய குரல் இருக்கிறது என்று நாலு வருடத்தில் எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு யாரைப் பிடிக்க முடியும்? தொண்ணூறு நிமிடம் அடக்கி வைத்த சத்தமெல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வந்தது. மாடு கொடி ஒன்றைக் கொம்பில் மாட்டிக்கொண்டு தேயிலைக்குள் ஏறி ஓடியது.

சித்தி முந்தானையை விட்டது. பந்தல் பக்கம் திரும்பவே இல்லை. "ஏ ப்ரியா, சொல்லுத்தா. என்ன ஆச்சு?"

"பாஸாக எழுநூறு வேணும் சித்தி." மூச்சு வாங்கியது அவளுக்கு. "எழுநூத்தி முப்பத்தாறு வாங்கிட்டேன்."

சித்தி அவளை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டது. ப்ரியா அதன் தோளில் முகத்தை வைத்து, அவரை போச்சே சித்தி, அவரை போச்சே என்று அழுதாள். போனால் போகட்டும், விதை இருக்கு என்று சித்தி முதுகைத் தடவியது. நான் பக்கத்தில் ஊமை மாதிரி நின்றேன். எவ்வளவோ சொல்ல வேண்டியிருந்தது. ஜூன் மாதத்திலிருந்து சேர்த்து வைத்திருந்தேன்.

அவள் சித்தி தோளிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என் கன்னம் இரண்டும் உப்பியிருந்ததைப் பார்த்ததும் அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

"தண்ணிய முழுங்குங்க மொதல்ல," என்றாள். "அப்புறம் போய் அந்த டீயப் போட்டுக் கொண்டாங்க. எல்லாருக்கும்."

முழுங்கினேன். சரி என்று சொல்லப் பார்த்தேன். குரல் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு இஞ்சி தட்டப் போனேன்.