ஒப்படைக்காமல் விட்ட டாக்டர்

வீட்டைப் பார்க்க வந்தவளும் வயிற்றைத் தள்ளிக்கொண்டுதான் வந்தாள். மிரானுக்கு அதுவே முதல் எரிச்சல்.

மிரானின் கணவன் கேப்டன் கிசோக், டேஜோன் ராணுவப் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவன். வடக்கே எல்லையோர மலைக்குள், யாங்குவில் ஒரு கம்பெனிப் படையை ஏற்றுக்கொள்ளச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. அங்கே இருந்த கேப்டன் இங்கே வருகிறான். இவன் நாற்காலி அவனுக்கு, அவன் நாற்காலி இவனுக்கு. இவர்கள் வீடு அவர்களுக்கு, அவர்கள் வீடு இவர்களுக்கு. ஆண்கள் எதிரெதிரே உட்கார்ந்து சாவியும் கோப்புமாக ஒப்படைத்துக்கொள்வார்கள். பெண்கள் ஒப்படைப்பது வேறு. எந்த அடுப்பு மக்கர் செய்யும், எந்தக் கடையில் டோஃபு நன்றாயிருக்கும், எந்த வீட்டுக்காரி காதில் எதையும் போடக்கூடாது என்பதெல்லாம் அதில் சேர்த்தி. இப்படிச் செய்யவேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் செய்யாதவளை ஊர் சும்மா விடாது.

அந்த வழக்கப்படிதான் போரா ஒரு மூட்டை காய்ந்த முள்ளங்கிக் கீரையைச் சுமந்துகொண்டு அவ்வளவு தூரம் வந்திருந்தாள். யாங்குக்காரர்கள் எங்கே போனாலும் இந்தக் கீரையைத் தூக்கிக்கொண்டுதான் போவார்கள். அவள் கணவன் ராணுவக் கல்லூரியில் கிசோக்குக்கு இரண்டு வருடம் ஜூனியர். ஆகவே போராவுக்கு மிரான் அக்கா. வயதில் போராதான் ஒரு வருடம் பெரியவள், ஆனால் அதெல்லாம் அந்தக் குடியிருப்பில் எடுபடாது. சீனியர் வீட்டுப் பெண் சொன்னால் சொன்னதுதான்.

"அக்கா, வீடு என்னமா வெச்சிருக்கீங்க! கண்ணு பட்டுடும் போல," என்று அறை அறையாகப் போனாள் போரா. சின்ன அறைக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மிரானே ஸ்டூல் போட்டு ஏறி ஒட்டிய வெளிர்மஞ்சள் வால்பேப்பர். குட்டிக் குட்டி மேகங்கள். "அடடா, குழந்தை ரூமே ரெடியா இருக்கு. நாங்க ஒண்ணுமே மாத்த வேண்டாம்!"

வாயில் சிரிப்பு இருந்ததே தவிர, மிரானுக்கு அடிவயிற்றிலிருந்து பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு பிள்ளைகளைப் பாதியிலேயே பறிகொடுத்தவள் அவள். இந்த மூன்றாவதை டாக்டர் ஹாம் என்ற அம்மாள் கருப்பையின் வாயில் தையல் போட்டு நிறுத்திவைத்திருந்தார். ஸ்டூலில் ஏறியதற்கு அந்த அம்மாளிடம் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருந்தது. அந்த மேகங்களுக்குக் கீழே படுத்துத் தூங்கப்போவது இந்தப் போராவின் பிள்ளை. இவளுக்கோ வீட்டில் ஏற்கெனவே ஒன்று ஓடித் திரிகிறது, இரண்டாவதும் கேட்காமலே வந்து நிற்கிறது. ஒருத்திக்கு எல்லாம் எப்படித்தான் இப்படி வந்து விழுகிறது?

பார்லி டீயை ஊதிக் குடித்தபடி போரா விஷயத்துக்கு வந்தாள்.

"அக்கா, முக்கியமானதைக் கேக்கணும். நீங்க எந்த டாக்டர்கிட்ட பாக்கறீங்க? மொதல் பிரசவத்துல எனக்கு ரத்த அழுத்தம் எகிறிடுச்சு. வலிப்பு வந்து, செத்துப் பொழைச்சேன்னு வைங்க. இந்தத் தடவை நல்ல டாக்டர் கையிலதான்னு வீட்டுக்காரர்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கேன்."

டாக்டர் ஹாமின் பெயர் மிரானின் நாக்கு நுனி வரை வந்தது. ஒரு மாதத்துக்கு இத்தனை பிரசவம்தான் என்று கணக்கு வைத்து எடுக்கிறவர் அவர். அதில் தனக்காகப் பதிந்துவைத்த இடத்தை மிரான் இன்னும் ரத்து செய்யவில்லை. மலைக்குப் போகிறவளுக்கு அந்த இடத்தால் பைசாப் பிரயோஜனம் இல்லை, இருந்தும் விட மனசு வரவில்லை. வீட்டை எடுத்துக்கொண்டாய், மேகத்தை எடுத்துக்கொண்டாய், அவரையுமா?

"நாற்சந்தியில மருந்துக்கடைக்கு மேல ஒரு டாக்டர் இருக்கார்," என்றாள் மிரான். "நான் அவர்கிட்டதான் பாக்கறேன். ரொம்ப அனுபவஸ்தர்."

அனுபவம் என்னவோ உண்மைதான். வருகிற எல்லோரிடமும் 'வாயு, சரியாய்ப் போய்விடும்' என்று சொல்லிச் சொல்லியே அந்த மனிதருக்கு வயதாகிவிட்டது.

"அப்பாடா!" என்று போரா நெஞ்சில் கைவைத்தாள். "நீங்க பாக்கறவர்னா எனக்குக் கேள்வியே இல்ல. இப்ப என் முறை. யாங்குக்குப் பக்கத்து டவுன் சுன்சோன்ல ரெண்டு பிரசவ ஆஸ்பத்திரி இருக்கு, நல்லாக் கேட்டுக்குங்க. பஸ் நிலையத்துக்கிட்ட பெரிய கண்ணாடிக் கட்டடம். பாத்தா அரண்மனைதான், ஆனா போயிடாதீங்க. குறைமாசக் குழந்தையை வைக்கிற பெட்டி அங்க கெடையாது. பழைய கடைவீதியில டாக்டர் சோக் இருக்கார், அங்க போங்க. லிஃப்ட் இல்ல. மனுஷன் திட்டுவார். போற பொம்பளை அத்தனை பேரும் அழுதுட்டுதான் வெளிய வருவோம். ஆனா என் உசிரைப் புடிச்சு நிறுத்தினது அவர்தான்."

மிரான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். போரா துருவிக் கேட்டதற்கு, தையலையும் இழந்த இரண்டையும் பற்றி மட்டும் சொன்னாள். போரா போனதும் கணவனிடம் பொரிந்து தள்ளினாள்.

"எனக்குப் பாடம் எடுக்கறா, ஜூனியர் பொண்டாட்டி! லிஃப்ட் இல்லாத எடத்துக்கு, தையல் போட்ட வயித்தோட, என்னை ஏறச் சொல்றா. கண்ணாடிக் கட்டடத்துக்கு மட்டும் போகக் கூடாதாம். ஏனாம்?"

"நல்ல பொண்ணாத்தானே தெரியுது?" என்றான் கிசோக், பெட்டியில் புத்தகங்களை அடுக்கியபடி.

"உங்களுக்கு எல்லாரும் நல்ல பொண்ணுதான்."

தான் பொய் சொல்லியிருந்ததால் அவளும் பொய்தான் சொல்லியிருப்பாள் என்று மிரான் முழுமையாக நம்பினாள். கையில் விஷத்தை வைத்திருப்பவளுக்கு எதிராளி நீட்டும் தண்ணீரைக் குடிக்கத் துணிச்சல் வருமா?

யாங்கு வீட்டு ஜன்னலைத் திறந்தால் மலை. மூடிவிட்டுப் பின்பக்கம் திறந்தால் அங்கேயும் மலை. கிசோக் பாதி நாள் மேலே காவல் முகாமிலேயே கிடந்தான். போரா விட்டுப்போன வீடு துடைத்துவைத்தாற்போல் இருந்தது. குளிர்பெட்டியில் கிம்ச்சி, அலமாரியில் அரிசி, குழாயடியில் புதுச் சோப்பு. எதிலாவது ஒரு குறை கண்டுபிடித்துவிட வேண்டும் என்று மிரான் வீடு முழுக்கத் தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை, அதுவும் கடுப்பாகத்தான் இருந்தது.

சுன்சோனுக்கு மாதாமாதம் போய்வந்தாள், கண்ணாடிக் கட்டடத்துக்குத்தான். வாசலில் பியானோ தானாக வாசித்துக்கொண்டிருந்தது. டாக்டர் இளைஞர், சிரித்த முகம். தையலைப் பற்றிச் சொன்னபோது, "பிரமாதமா போட்டிருக்காங்க, கவலையே படாதீங்க," என்றார். திட்டவே இல்லை. வழியெல்லாம் மிரானுக்கு வெற்றிச் சிரிப்பு.

இடையிடையே போரா படம் அனுப்பிக்கொண்டிருந்தாள். மேகங்களுக்குக் கீழே தொட்டில். பால்கனியில் மகள். ஒருமுறை இப்படி எழுதியிருந்தாள்: 'அக்கா, இங்க எல்லாரும் யாரோ டாக்டர் ஹாம்னு ஒருத்தரைச் சொல்றாங்க. எங்க அக்கா காட்டின டாக்டர் எனக்குப் போதும்னு சொல்லிட்டேன்.' மிரான் அதைப் படித்துவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்துவைத்தாள். நெஞ்சில் ஏதோ உறுத்தியது. ஆனால் அடுத்த படத்தில் தொட்டிலைச் சுற்றி மஞ்சள் விளக்கு மின்னியதைப் பார்த்ததும் உறுத்தல் போய்ப் பழைய எரிச்சலே வந்து உட்கார்ந்துகொண்டது.

எட்டாம் மாதத்தில், முதல் பனி விழுந்த வாரம், காலையில் துணி காயப்போடும்போது வலி பிடித்தது. விட்டது. மறுபடி பிடித்தது. கிசோக்கை மேலிருந்து இறக்க ஆளில்லை. கீழ்வீட்டு சார்ஜென்ட் மனைவிதான் காரை எடுத்தாள். சுரங்கப்பாதைக்குள் நுழைந்து, வெளியே வந்து, மறுபடி நுழைந்து, கண்ணாடிக் கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சிரித்த முகம் டாக்டர் பரிசோதித்தார். சிரிப்பைக் காணோம்.

"தையல் இழுக்குது. உடனே எடுக்கணும். குழந்தை சின்னது. இங்க எங்ககிட்ட அதுக்கு வசதியில்ல. வேற எடத்துக்குப் போயிடுங்க."

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லையே, மேடம்."

பழைய கடைவீதியில் லிஃப்ட் இல்லாத படிகளில் இரண்டு நர்ஸுகள் அவளை நாற்காலியோடு தூக்கிப்போனார்கள். நரைத்த புருவத்தோடு டாக்டர் சோக் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"யாங்குவா? கேப்டன் வீடா? போரா சொன்னாளே, அந்தத் தையல்காரியா நீ?"

மிரானால் தலையைத்தான் ஆட்ட முடிந்தது.

"அவ மூணு தடவ போன் போட்டுட்டா. 'எங்க அக்கா வருவாங்க, ரெண்டு தடவ நஷ்டமாயிருக்கு, திட்டாதீங்க'ன்னு. எங்க போய்த் தொலைஞ்சே இத்தனை மாசம்? பியானோ கேக்கப் போனியா? மூச்சை இழு!"

திட்டிக்கொண்டே தையலை எடுத்தார். திட்டிக்கொண்டே பிள்ளையையும் எடுத்தார். பையன். இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற உடம்பு, ஆனால் கட்டடமே அதிரக் கத்தினான். அவனைப் பெட்டிக்குள் வைத்ததும்தான் கிழவர் வாயை மூடினார்.

மூன்றாம் நாள் மதியம், பிள்ளை பெற்றவளுக்கென்று கொடுக்கும் கடற்பாசி சூப்பை மிரான் வேண்டாவெறுப்பாகக் குடித்துக்கொண்டிருந்தபோது போரா கூப்பிட்டாள்.

"அக்கா! பையனாமே! டாக்டர் சோக் திட்டினாரா? அழுதீங்களா?"

"அழுதேன்," என்றாள் மிரான். "நீ எப்படியிருக்கே?"

"நானா? மூஞ்சி பன்னு மாதிரி ஊதிக் கெடக்கு. மோதிரத்தைக் கழட்ட முடியல. காலையிலேர்ந்து மண்டை பொளக்குது, கண்ணு முன்னாடி பூச்சி பூச்சியாப் பறக்குது. நேத்தே டாக்டர்கிட்ட போனேன். வாயுவாம், சரியாப் போயிடுமாம். மேல்வீட்டுக்காரங்க வேற டாக்டரைப் பாருன்னு உயிரை எடுக்கறாங்க. நீங்க காட்டின மனுஷனை எப்படிக்கா மாத்தறது? மரியாதையா இருக்காதுல்ல?"

மிரான் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"போரா, அந்தாள்கிட்ட போகாதே. நான் ஒரு நாள்கூட அவர்கிட்ட பாத்ததில்ல."

"என்ன சொல்றீங்க?"

"நான் பாத்தது டாக்டர் ஹாம்கிட்ட. உன்கிட்ட பொய் சொன்னேன். என் வீடு, என் குழந்தையோட ரூம், எல்லாம் உனக்குப் போகுதுன்னு வயிறு எரிஞ்சுது. அதான் மறைச்சேன். உனக்கு வலிப்பு வந்ததுன்னு தெரிஞ்சேதான் மறைச்சேன்."

அந்தப் பக்கம் போராவின் மகள் எதற்கோ சிரிப்பது கேட்டது. மிரான் திட்டுக்காகக் காத்திருந்தாள். டாக்டர் சோக்கின் திட்டைவிடப் பெரிதாக வரவேண்டும் என்றே எதிர்பார்த்தாள்.

"எங்க இருக்காங்க அந்த ஹாம்?" போராவின் குரல் தட்டையாக இருந்தது. "எடத்தைச் சொல்லுங்க. திட்டறதைப் பிள்ளை பொறந்தப்புறம் வெச்சுக்கறேன்."

மிரான் சொன்னாள். இணைப்பு அறுந்தது.

உடனே டாக்டர் ஹாமின் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். எடுத்த நர்ஸுக்கு இவள் குரல் தெரிந்திருந்தது.

"மிரான் மேடமா? உங்க இடம் இன்னும் அப்படியே இருக்கு. நீங்க வருவீங்கன்னு டாக்டர் யாருக்கும் கொடுக்கல."

"நான் வரல. இங்கயே பொறந்துடுச்சு. அந்த இடத்தை இப்ப வர்ற போராங்கற பொண்ணுக்குக் கொடுங்க. அவங்களுக்கு மொதல் பிரசவத்துல வலிப்பு வந்திருக்கு. தலைவலி, கண்ணு மங்குது. வாசல்லேயே நில்லுங்க, தயவுசெஞ்சு நில்லுங்க."

வைத்ததும் மிரானுக்கு அழுகை பீறிட்டது. போராவுக்காகப் பயம் இருந்தது, தன்மேல் அருவருப்பும் இருந்தது. இரண்டுக்கும் நடுவே பொறாமையும் சொரணையில்லாமல் உட்கார்ந்திருந்தது. தன் பிள்ளையை ஏந்தவேண்டிய டாக்டர் ஹாமின் கைகள் இப்போது அவள் பிள்ளையை ஏந்தப் போகின்றன. இப்படிக்கூட நினைக்கிறோமே என்று தலையிலேயே அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்டும் அது போகவில்லை.

பெட்டிக்குள் கிடந்த மகனை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வந்து கைபேசியைப் பார்த்தாள். மறுபடி போனாள், மறுபடி வந்தாள். விளக்கு போடும் நேரத்துக்குச் செய்தி வந்தது.

'ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க. பொண்ணு. ரெண்டு பேருக்கும் உயிர் இருக்கு. உங்ககூட இப்ப பேசமாட்டேன்.'

மிரான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். எங்கே தேடியும் 'அக்கா' மட்டும் இல்லை.