விட்டம் என்று சொல்லப்படாத கோடு

நாளைக்குக் கணிதப் பரீட்சை. முனவ்வறா பழைய வினாத்தாள் ஒன்றைச் செய்து என் முன்னால் வைத்தாள். மாமி குசினி வாசலில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். அவர் அங்கே இருந்தால்தான் இவள் இங்கே இருக்கலாம்.

முனவ்வறா என் மனைவி றபீக்காவின் தங்கை; மாமி இருவருக்கும் உம்மா. றபீக்கா மவுத்தாகி, அடக்கம் செய்து ஒரு வருடமாகிறது. அவளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டில்தான் இன்னும் இருக்கிறேன். போ என்று யாரும் சொல்லவில்லை. முனவ்வறா கணிதத்தில் தேறினால் உயர்தரம் படிக்கலாம். தவறினால் எனக்கும் அவளுக்கும் நிக்காஹ். மாமாவின் முடிவு அது. என்னிடமும் கேட்டார்கள். நான் பேசாமல் இருந்தேன். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள்.

ஆறாவது வினாவில் ஒரு வட்டம். குறுக்கே ஒரு கோடு, அதன் மேல் ஒரு முக்கோணம். கோடு மையத்தால் போவதுபோல் தெரியும். போகிறது என்று வினாவில் எங்கும் இல்லை. அவள் அதை விட்டம் என்று எடுத்து, உச்சிக்கோணத்தைச் செங்கோணமாக்கி, மிச்சத்தை அழகாகச் செய்திருந்தாள்.

நான் சரி போட்டேன்.

கை தானாகப் போட்டதென்று சொல்லலாம். இல்லை. அவள் தேறினால் நான் பெட்டி கட்டவேண்டும். தவறினால் எதையும் அசைக்கத் தேவையில்லை. அதை நினைத்த பிறகுதான் போட்டேன்.

"இப்படி ஒண்டு வந்தாப் பயமில்ல மச்சான்," என்றாள். "பாத்த உடனே புடிச்சிட்டன்."

அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"பாத்ததுதான் பிழை. விட்டம் எண்டு எங்க சொல்லிரிக்கி?"

வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள்.

"அல்லாஹ்! கள்ளப் படம்!"

"படம் சும்மா கீறினது. எழுத்தில தந்தத மட்டும் நம்பு."

சிரித்தாள். பிறகு என் சிவப்புச் சரியைக் கண்டாள்.

"அப்ப ஏன் சரி போட்ட நீங்க?"

சிவப்புப் பேனையை மூடிவைத்தேன். அவளுக்கு விளங்கிவிட்டது. தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"மாமி," என்றேன். "தேறினாலும் தவறினாலும் எனக்கு இந்தக் கலியாணம் வேணாம். நாளைக்குப் பாலமுனைக்குப் போறன், உம்மாட்ட."

திருவுகிற சத்தம் நின்றது.

"இத முதலே சொல்லப்படாதா மகன்? அவள் பெயிலாகட்டும் எண்டு நான் தொழுகைக்குத் தொழுகை துஆக் கேக்கிறனே!"

"இனி மாத்திக் கேளுங்க மாமி."

அவள் தேறட்டும் என்று துஆக் கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.